லேண்டிங்குக்குக் கீழே யார் நிற்கப் போறாங்க? இளம் ஆர்க்கிடெக்ட்களும் வழிகாட்டிகளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோட் ஒரே ஒரு கேள்விக்கான பதில். கேட்கிற ஆள் மாறுறாங்க, கேள்வி மாறலை. “பி.ஆர்க். முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஆட்டோகேட்ல உட்கார்ந்திருக்கேன். ஆனா நாளைக்கே ஒருத்தர் வந்து ஒரு வீடு கட்டிக் கொடுங்கன்னு கேட்டா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. எனக்கு ஒரு மென்டார் வேணும். எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

நான் அம்பத்தூர் பக்கத்துல, கள்ளிக்குப்பத்துல ஒரு சின்ன ஆபீஸ் நடத்துறேன். பெரும்பாலும் அரை கிரவுண்ட், ஒரு கிரவுண்ட் வீடுகள். ஒரு நேரத்துல ரெண்டு பேர், மிஞ்சிப்போனா மூணு பேர் வேலை பார்ப்பாங்க. ஏர்போர்ட்டும் மியூசியமும் டிசைன் பண்றவங்க இதுக்கு வேற பதில் சொல்லலாம். நான் பார்க்கிற அளவு வேலையை வச்சுத்தான் என் பதில்.

மென்டார்னு சொன்னதும் நிறைய பேர் மனசுல வர்றது, காபி வாங்கிக் கொடுத்து வாழ்க்கைக்கு அறிவுரை சொல்ற ஒரு பெரிய மனுஷர். அப்படி ஒருத்தர் கிடைச்சா நல்லதுதான். ஆனா நான் சொல்றது அது இல்லை. ஒரு மாடிப்படியை வச்சுச் சொல்றேன்.

அரை கிரவுண்டுன்னா 1,200 சதுர அடி. அதுல ஒரு மாடி வீடு. என் ஆபீஸுக்குப் பயிற்சிக்கு வர்ற பசங்க கிட்ட முதல் வாரம் நான் கொடுக்கிறது இந்த வீட்டோட மாடிப்படியைத்தான். தரைக்குத் தரை 3 மீட்டர் உயரம். ஒரு படி 150 மில்லிமீட்டர்னா 20 படி. எல்லாரும் பத்து, பத்தா பிரிச்சு நடுவுல லேண்டிங் வைப்பாங்க. பிளான்ல பார்க்க லட்சணமா இருக்கும். அந்த லேண்டிங்குக்குக் கீழே ஒரு டாய்லெட் போட்டிருப்பாங்க. அதுவும் சரிதான், அரை கிரவுண்ட் வீட்டுல அந்த இடத்தை யாரும் சும்மா விட மாட்டாங்க.

அப்போ நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்பேன்: “லேண்டிங்குக்குக் கீழே யார் நிக்கப் போறாங்க?”

கணக்குப் போட்டா புரியும். பத்தாவது படி 1.5 மீட்டர் உயரத்துல இருக்கு. அதுல லேண்டிங் ஸ்லாபோட கனம் 150 மில்லிமீட்டர் போயிடும். மிச்சம் 1.35 மீட்டர். மூணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை நேரா நிக்கலாம். வீட்டுக்காரர் உட்கார்ந்தே உள்ளே போய், உட்கார்ந்தே வெளியே வரணும். சரி, லேண்டிங்கை மேலே ஏத்தலாம்னு 14 படி, 6 படின்னு பிரிச்சா 2.1 மீட்டர் உயரம் வரும், கீழே 1.95 கிடைக்கும். ஆனா முதல் வரிசைப் படிகளோட நீளம் மாறிடும். பத்து படி ஏற 9 மிதி போதும், மிதிக்கு 250 மில்லிமீட்டர்னா 2.25 மீட்டர். 14 படி ஏற 13 மிதி, 3.25 மீட்டர். ஒரு மீட்டர் கூடுதல். அந்த ஒரு மீட்டர் ஹாலிலிருந்து வருமா, சமையலறையிலிருந்து வருமா? இல்லை, டாய்லெட் தரையைக் கொஞ்சம் இறக்கலாமான்னு கேட்டா, இறக்குனா கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு கிடைக்குமா? மழைக்காலத்துல தெருச் சாக்கடை நிரம்புனா உள்ளே எதிர்த்து வராதா?

பாருங்க, ஒரு கேள்வியிலிருந்து படி, அறை, குழாய், தெரு, மழை எல்லாம் வந்துடுச்சு. கல்லூரி ஜூரியில இந்தக் கேள்வி பெரும்பாலும் வராது. ஏன்னா செக்‌ஷன் வெட்டுற கோடு எந்த வழியா போகணும்னு முடிவு பண்றதே மாணவர்தான், அழகா தெரியிற இடத்து வழியாத்தான் வெட்டுவாங்க. நம்ம வரைஞ்சதைப் பார்த்து நமக்குத் தோணாத கேள்வியைக் கேட்கிற ஒரு ஆள், அந்தக் கேள்விக்கு நாம பதில் தேடுறப்போ பக்கத்துல இருக்கிற ஆள். நான் மென்டார்னு சொல்றது அவரைத்தான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, நம்ம நாட்டுச் சட்டம் அப்படி இருக்கு. ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட் 1972-ல வந்தது. அஞ்சு வருஷப் படிப்பு, அதுக்குள்ளேயே ஒரு செமஸ்டர் நடைமுறைப் பயிற்சி. பட்டம் வாங்குனதும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணலாம். அதுக்கு நடுவுல தேர்வு இல்லை, இத்தனை மணி நேரம் வேலை பார்த்திருக்கணும்னு கட்டாயம் இல்லை. 22, 23 வயசுல பேருக்கு முன்னாடி ‘ஆர்.’ போட்டுக்கிட்டு அடுத்த மாசமே கையெழுத்துப் போடலாம்.

அமெரிக்காவுல அப்படி முடியாது. அங்கே உரிமம் வாங்க ஆக்ஸ்பின்னு (ஏ.எக்ஸ்.பி.) ஒரு அனுபவக் கணக்கு இருக்கு. மொத்தம் 3,740 மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேரம்னா கிட்டத்தட்ட ரெண்டு வருஷ வேலை. அதை ஆறு பகுதியா பிரிச்சிருக்காங்க: அலுவலகம் நடத்துறதுல 160 மணி, திட்ட மேலாண்மை 360, தேவையை ஆராயறது 260, வடிவமைப்பு 1,080, விவரமான வரைபடங்கள் 1,520, கட்டுமானத்தைக் கவனிக்கிறது 360. இதுக்கெல்லாம் மேல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். பிரிட்டன்லயும் மூணாவது கட்டத் தேர்வுக்கு முன்னாடி ரெண்டு வருஷ அனுபவத்தைப் பதிவேட்டுல எழுதிக் காட்டுற வழக்கம் ரொம்ப காலமா இருக்கு. அதுக்கு அப்புறமும் ரிபா (ஆர்.ஐ.பி.ஏ.) உறுப்பினர்கள் வருஷத்துக்கு 35 மணி நேரம் தொடர்ந்து கத்துக்கணும்.

நம்ம முறை மோசம், அவங்க முறை சிறப்புன்னு நான் சொல்ல வரலை. அங்கே வருஷக்கணக்கா உரிமம் கிடைக்காம குறைஞ்ச சம்பளத்துல மாட்டிக்கிறவங்களும் உண்டு. ஆனா அங்கே சட்டம் கட்டாயமாக்குறதை இங்கே யாராவது ஒரு மனுஷர் தானா முன்வந்து செய்ய வேண்டியிருக்கு. அந்த மனுஷர் கிடைச்சா உங்களுக்கு அதிர்ஷ்டம், இல்லேன்னா இல்லை.

இதுல பாதிக்கப்படுறது ஆர்க்கிடெக்ட் மட்டும் இல்லை. 2024 ஜூலையில தமிழ்நாட்டுல சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரைக்குமான மனையில, 3,500 சதுர அடிக்குள்ள, ஒரு மாடி வரைக்கும் கட்டுற வீட்டுக்கு ஆன்லைன்லேயே உடனே அனுமதி. அலைச்சல் இல்லை, காத்திருப்பு இல்லை. நல்ல விஷயம், நான் வரவேற்கிறேன். ஆனா கள்ளிக்குப்பத்துலயும் பட்டாபிராம்லயும் திருவேற்காட்டுலயும் கட்டுற பெரும்பாலான தனி வீடுகள் இந்த அளவுக்குள்ளதான் வரும். இனிமே அந்த வரைபடத்தை முதல்லயும் கடைசியாவும் கவனமா பார்க்கிற ஆள், அதை வரைஞ்ச ஆள்தான். அந்த ஆளுக்கு 23 வயசு, அவங்க வரைஞ்சதை இதுவரைக்கும் யாரும் சிவப்புப் பேனாவால திருத்தினதே இல்லைன்னா, அந்த டாய்லெட்டுக்குள்ள முப்பது வருஷம் குனிஞ்சு போகப்போறது ஒரு குடும்பம்.

சரி, நல்ல வழிகாட்டல் நடந்த இடம் எப்படி இருக்கும்? சென்னையிலேயே போய்ப் பார்க்கிற மாதிரி ஒண்ணு இருக்கு. ஈ.சி.ஆர்.ல முட்டுக்காடு பக்கத்துல தட்சிணசித்ரா. ஸ்கூல் டூர்ல போயிருப்பீங்க. இன்னொரு தடவை ஆர்க்கிடெக்ட் கண்ணோட போங்க. 1996-ல மக்களுக்காகத் திறந்தது. அதோட தொடக்க வடிவமைப்பு லாரி பேக்கரோடது. அதை எடுத்துக்கிட்டுப் போய்த் தொடர்ந்து கட்டினவர் பென்னி குரியாகோஸ். அவர் படிச்சது சிவில் இன்ஜினியரிங். 1980-கள்ல பேக்கரோட வேலை பார்த்துத்தான் கட்டடக் கலைக்குள்ள வந்தார், அப்புறம் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறதுல பெரிய பேர் எடுத்தார்.

பேக்கர் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்? அவர் 1917-ல பர்மிங்காம்ல பிறந்தவர். 1945-ல தொழுநோயாளிகளுக்கான சேவைக்காக இந்தியா வந்தார். இமயமலைப் பக்கம் பித்தோராகட்ல பல வருஷம் இருந்தார். அங்கே மலைக்காரங்க கல்லையும் மண்ணையும் வச்சுக் கட்டுற விதத்தைப் பார்த்தப்போ, இங்கிலாந்துல தான் படிச்சதுல பாதி இங்கே உதவாதுன்னு அவருக்குப் புரிஞ்சது. அப்புறம் திருவனந்தபுரம் வந்தும் பெரிய ஆபீஸ் வைக்கலை. கைக்குக் கிடைச்ச தாள்ல, பழைய கவர் பின்னாடியெல்லாம் வரைவார். சைட்டுல கொத்தனார் பக்கத்துலயே நின்னு, செங்கலை இப்படி வைக்கலாமான்னு பார்த்து, அங்கேயே டிசைனை மாத்துவார். அவரோட ‘ராட் ட்ராப்’ கட்டு தெரியும்ல? செங்கலைப் படுக்க வைக்காம பக்கவாட்டுல நிறுத்தி, நடுவுல காற்றிடைவெளி விட்டுக் கட்டுறது. செங்கலும் சிமென்டும் மிச்சம், வெயிலும் உள்ளே குறைவா இறங்கும். இதைத் தாள்ல படிச்சு யாரும் ஒழுங்கா கட்ட முடியாது, கட்டுறவர் பக்கத்துல நிக்கணும். அதனாலதான் 1985-ல திருச்சூர்ல காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் ஆரம்பிச்சப்போ, அது கட்டுற இடமாவும் கத்துக்கிற இடமாவும் சேர்ந்தே இருந்தது. பேக்கர் 2007-ல, 90 வயசுல காலமானார். காஸ்ட்ஃபோர்டு இன்னும் கட்டிக்கிட்டிருக்கு.

எனக்கு இதைவிடப் பிடிச்ச உதாரணம் கொழும்புல இருக்கு. ஆர்க்கிடெக்ட் அஞ்சலேந்திரன். தமிழர், 1951-ல பிறந்தவர். மொரட்டுவையிலும் லண்டன்லயும் படிச்சவர், ஜெஃப்ரி பாவாவோட வேலை பார்த்தவர். பாவாவைத் தெரியாத ஆர்க்கிடெக்சர் மாணவர் இருக்க மாட்டாங்க. கோட்டேயில ஏரி நடுவுல இருக்கிற இலங்கைப் பாராளுமன்றம் அவரோடதுதான். அந்த பாவாவே முதல்ல வக்கீல், ஆர்க்கிடெக்ட்டா தகுதி பெற்றப்போ அவருக்கு 38 வயசு. ‘எனக்கு 26 ஆயிடுச்சு, லேட் ஆயிடுச்சு’ன்னு மெசேஜ் அனுப்புறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க.

அஞ்சலேந்திரன் என்ன செஞ்சார்னா, தனியா ஒரு ஆபீஸே வைக்கலை. வீட்டுத் தாழ்வாரத்துல உட்கார்ந்து வேலை. ஒரே நேரத்துல நாலு உதவியாளருக்கு மேல சேர்த்துக்கிட்டதில்லை. 2009-ல டேவிட் ராப்சன் அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அப்போ அவருக்குச் செயலாளர் கிடையாது, கார் கிடையாது, செல்போன் கிடையாது, பேங்க் அக்கவுன்ட்கூட கிடையாது. அப்படி இருந்துக்கிட்டே எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்கள் உள்பட எவ்வளவோ கட்டடங்கள். அந்தத் தாழ்வாரத்துல உட்கார்ந்து வரைஞ்ச இளைஞர்கள் பலர் பின்னாடி இலங்கையில தனியா தொழில் பண்ணினாங்க.

இந்த நாலு பேர்ங்கிற எண்ணைத்தான் நான் அடிக்கடி நினைச்சுப் பார்ப்பேன். ஒரு தாழ்வாரத்துல நாலு பேர் இருந்தா என்ன ஆகும்? வீட்டுக்காரர் வந்து ‘இந்த ஜன்னல் வேண்டாம்’னு சண்டை போடுறது நாலு பேர் காதுலயும் விழும். அதுக்குச் சீனியர் எப்படிப் பதில் சொன்னார், எங்கே விட்டுக்கொடுத்தார், எங்கே விட்டுக்கொடுக்கலைன்னு கேட்கும். தச்சர் வந்து மரம் விலை ஏறிடுச்சுன்னு சொல்றது கேட்கும். ஃபீஸ் கேட்கிறப்போ குரல் எப்படி மாறுதுன்னுகூட கேட்கும். யாரும் தனியா வகுப்பு எடுக்கலை. காதுக்கு எட்டுற தூரத்துல இருந்ததுதான் பாடம்.

நாற்பது பேர் இருக்கிற ஆபீஸ்ல இது நடக்காது. அங்கே கிளையன்ட் மீட்டிங் கண்ணாடி அறைக்குள்ள, இளசுங்க எல்லாம் வெளியே ஹெட்போன் போட்டுக்கிட்டு. முதலாளி கெட்டவர்னு அர்த்தம் இல்லை, அந்த அமைப்பு அப்படி. கோவிட்டுக்கு அப்புறம் சில ஆபீஸ்ல நிலைமை இன்னும் மோசம். வாட்ஸ்அப்ல திருத்தம் வரும், திருத்தி அனுப்பணும், ஏன் திருத்தினாங்கன்னு தெரியாது. ‘ஏன்’ வராம ‘என்ன’ மட்டும் வந்துக்கிட்டே இருந்தா பத்து வருஷம் ஆனாலும் நீங்க வரைபடக்காரர்தான்.

ஆனா அஞ்சலேந்திரன்கிட்ட இருந்து ஒண்ணை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துக்காதீங்க. கட்டட ஒப்பந்தத்துல தெரிஞ்சு கையெழுத்துப் போட்டதே இல்லைன்னும் ராப்சன் சொல்றார். அம்பத்தூர்ல அப்படி இருந்தா கடைசித் தவணை உங்க பேரப்பிள்ளைக்குத்தான் வரும்.

கள்ளிக்குப்பத்துல யார் சொல்லித் தருவாங்க?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இங்கே பாவாவும் இல்லை, பேக்கரும் இல்லை. ஆனா மேஸ்திரி இருக்கார்.

ஒரு உதாரணம், வீட்டோட தரைமட்டம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, புழல் ஏரி இதுக்கெல்லாம் நடுவுல இருக்கிற ஊர்கள் நம்மளோடது. 2015 மழைக்கு அப்புறம் ‘தரைமட்டம் எவ்வளவு?’ன்னுதான் ஒவ்வொரு வீட்டுக்காரரும் முதல்ல கேட்கிறார். இளம் ஆர்க்கிடெக்ட் என்ன செய்வாங்க? இன்னைக்கு இருக்கிற ரோட்டிலிருந்து ரெண்டு அடி, மூணு அடின்னு ஒரு எண் சொல்வாங்க. நல்ல மேஸ்திரி எண் சொல்ல மாட்டார். தெருவுல நடந்து, இருபது வருஷத்துக்கு முன்னாடி கட்டின ஒரு வீட்டு வாசலைக் காட்டுவார். “மேடம், இந்த வீட்டுக்கு அப்போ நாலு படி இருந்துச்சு. இப்போ எத்தனைன்னு எண்ணுங்க.” எண்ணினா ஒண்ணு, ஒண்ணரை. மீதிப் படி மேல மேல போட்ட ரோட்டுக்கு அடியில. ரோடு ஏற ஏற வீடு இறங்குது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு விதி சொல்லும், உங்க தெருவுல அது நடந்துதான்னு அந்த வாசல் படிதான் சொல்லும். இந்தத் தெரு அடுத்த இருபது வருஷத்துல எவ்வளவு ஏறும்னு கணிக்க அதைவிட நல்ல ஆவணம் எதுவும் எனக்குத் தெரியாது.

இந்த அறிவுக்கு நாம பேர் வைக்கிறதில்லை. அவரை நாம மென்டார்னு கூப்பிடுறதும் இல்லை. ஆனா தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் இதையெல்லாம் கையில கொடுத்து ‘நீங்களே பாருங்க தம்பி’ன்னு சொல்ற மேஸ்திரி, உங்க முதல் வருஷத்துல கிடைக்கக்கூடிய பெரிய சொத்து. அவருக்குத் தெரியாததும் உண்டு, அதையும் சொல்லணும். தூணுக்கு 40 மில்லிமீட்டர், ஸ்லாபுக்கு 20 மில்லிமீட்டர் கவர் ஏன் வேணும், அது இல்லேன்னா உள்ளே கம்பி எப்படித் துருப்பிடிக்கும்னு நீங்க அவருக்குச் சொல்லலாம். உடைஞ்ச ஜல்லியைக் கவர் பிளாக்குக்குப் பதிலா வைக்கிற பழக்கம் இன்னும் போகலை. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டா அந்த வீடு நல்லா நிக்கும். இன்னைக்கு நம்ம சைட்டுல பீகார், ஒடிசா, வங்காளத்துலருந்து வந்தவங்க நிறைய பேர் வேலை பார்க்கிறாங்க. அதனால நாலு வார்த்தை இந்தியும் கத்துக்கோங்க, அதுவும் தொழில் கருவிதான்.

பெண்கள் விஷயத்துல ஒண்ணு தனியா சொல்லணும். ஆர்க்கிடெக்சர் வகுப்புல பெண்கள் நிறைய பேர் இருக்காங்க. ஆனா சைட்டுக்கு அனுப்புறப்போ ‘நீ ஆபீஸ்லயே இரும்மா, பையன் போய்ட்டு வரட்டும்’னு ஒரு வார்த்தை வரும். அக்கறையாத்தான் சொல்வாங்க. விளைவு என்னன்னா, அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பையனுக்குச் சைட் தெரியும், அந்தப் பெண்ணுக்கு ரெண்டரிங் தெரியும். சைட்டுல டாய்லெட் இருக்காது, அதுதான் நிஜமான பிரச்சினை. சீனியர்கள் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாடியே தற்காலிகமா பூட்டு போட்ட ஒரு கழிப்பறை வைங்க. எஸ்டிமேட்டுலயே ஒரு வரியா எழுதிடுங்க. சித்தாள் வேலைக்கு வர்ற அம்மாக்களுக்கும் அது வேணும். முதல் நாலு தடவை கூடவே போய், ‘இவங்க சொன்னா நான் சொன்ன மாதிரி’ன்னு மேஸ்திரி முன்னாடி சொல்லுங்க. அப்புறம் நீங்க தேவையில்லை.

அடுத்தது பணம். இதைப் பேசாம மென்டார் பற்றிப் பேசுறது பாசாங்கு. ‘இங்கே கத்துக்கிறதுதான் சம்பளம்’னு சொல்ற ஆபீஸ்கள் இருக்கு. நான் முதல்ல வேலைக்குச் சேர்ந்த இடத்துலயும், பேர் வேண்டாம், ஆறு மாசம் அதே வசனம்தான். அங்கே நான் ஒரு கிளையன்டையும் பார்க்கலை, ஒரு சைட்டையும் பார்க்கலை. ஆக, அவங்க தர்றதா சொன்ன அந்தச் சம்பளமும் வரலை.

இங்கே உங்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கு. கவுன்சிலோட தொழில் ஒழுக்க விதிமுறைகள் 1989-ல வந்தது. கூட வேலை பார்க்கிறவங்களுக்குத் தகுந்த பணிச்சூழல் தரணும், நியாயமா ஊதியம் தரணும், அவங்க தொழில் வளர்ச்சிக்கு வழி செய்யணும்னு ஒவ்வொரு ஆர்க்கிடெக்டுக்கும் அது கடமை வைக்குது. அதாவது உங்களுக்குச் சொல்லித் தர்றது தயவு இல்லை. இதை வச்சு நாளைக்கே முதலாளியோட சண்டைக்குப் போங்கன்னு சொல்லலை, போனா வேலை போகும். ஆனா இன்டர்வியூவுல ‘எனக்கு சைட் விசிட் உண்டா, வாரத்துக்கு எத்தனை தடவை?’ன்னு கேட்கிறது அதிகப்பிரசங்கித்தனம்னு நினைக்காதீங்க. சம்பளமும் குறைவு, காதுக்கு எட்டுற தூரமும் இல்லைன்னா அந்த இடத்தை விடுறதுதான் சரி. சம்பளம் சுமாரா இருந்து, எல்லாம் காதுல விழுதுன்னா ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கலாம். இது என் கருத்து. வீட்டு வாடகை கட்டுற நிலைமையில இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு வேற மாதிரி வரும், அதுவும் எனக்குத் தெரியும்.

சரி, என்னன்னு கேட்கிறது?

‘சார், எனக்கு மென்டாரா இருங்க’ன்னு கேட்டா எந்தச் சீனியரும் முழிப்பார். அது ரொம்பப் பெரிய கேள்வி. சின்னதா கேளுங்க.

நான் முதல்ல கேட்கச் சொல்றது இதுதான்: “நாளைக்குத் தளம் போடுறாங்கள்ல சார், இன்னைக்குச் சாயங்காலம் செக்கிங்குக்கு நானும் வரட்டுமா?” தளம் போடுறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், அந்த ஒரு மணி நேரம், ஒரு செமஸ்டருக்குச் சமம். கம்பி பார்க்கணும், கவர் பிளாக் இருக்கான்னு பார்க்கணும், சென்ட்ரிங் முட்டு ஆடுதான்னு தட்டிப் பார்க்கணும், எலெக்ட்ரிக் பைப் எங்கெங்கே போகுது, ஃபேன் பாக்ஸ் அறைக்கு நடுவுல இருக்கா, டாய்லெட் வர்ற இடத்துல ஸ்லாபை இறக்கியிருக்காங்களா, சன்ஷேடுக்குக் கம்பி மேல்பக்கமா வச்சிருக்காங்களா. இந்தக் கடைசி விஷயம் உயிர் பிரச்சினை. சுவரிலிருந்து நீட்டிக்கிட்டிருக்கிற சன்ஷேடுல இழுவிசை மேல்பக்கம் வரும். கம்பி கீழே போயிட்டா முட்டைப் பிரிச்ச அன்னைக்கே இறங்கலாம். நீங்க ஆபீஸ்ல வரைஞ்ச ஒவ்வொரு கோடும் அந்தச் சாயங்காலம் ஒரு பொருளா கண்ணு முன்னாடி கிடக்கும். காலையில கான்கிரீட் போட்டுட்டா எதுவும் தெரியாது.

அப்புறம், கிளையன்ட் மீட்டிங்ல உட்கார்ந்து குறிப்பு எடுக்கட்டுமான்னு கேளுங்க. குறிப்பு எடுக்கிற ஆளை யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, அந்த வேலை யாருக்கும் பிடிக்காது. முடிஞ்சுபோன ஒரு பழைய வேலையோட ஃபைலை முதல் ஸ்கெட்ச்சிலிருந்து கடைசி பில் வரைக்கும் படிக்கக் கேளுங்க. பில் செக் பண்ற வேலை கிடைச்சா விடாதீங்க, நாம வரையிற ஒவ்வொரு கோட்டுக்கும் என்ன விலைன்னு அங்கேதான் தெரியும்.

இன்னொண்ணு, அந்த அமெரிக்க ஆறு பகுதியைத் திருடிக்கோங்க. ஒரு நோட்டுல ஆறு பத்தி போட்டு, தினம் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போச்சுன்னு எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா பெரும்பாலானவங்களுக்கு ஒரே பத்திதான் நிரம்பியிருக்கும், விவர வரைபடம். கட்டுமானப் பத்தி காலியா இருக்கும். அந்த நோட்டைச் சீனியர் முன்னாடி வச்சுட்டுப் பேசினா குறை சொல்ற மாதிரி இருக்காது, கணக்கு காட்டுற மாதிரி இருக்கும். என் ஆபீஸ்ல ஒரு பையன் இப்படி வந்து வச்சான். அடுத்த மாசத்துலருந்து புதன்கிழமை சைட் அவனுக்குன்னு ஆகிடுச்சு.

ஆபீஸ்ல வழியே இல்லைன்னா? அப்போ கூடப் படிச்சவங்கதான். இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ் தெரியும்ல, அது எப்படி ஆரம்பிச்சது தெரியுமா? 1917-ல பம்பாய் ஜே.ஜே. கலைக்கல்லூரியில படிச்சு முடிச்ச மாணவர்கள் சேர்ந்து அமைச்ச ஒரு சங்கமா. கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைச்ச ஜார்ஜ் விட்டெட்டை முதல் தலைவரா வச்சுக்கிட்டாங்க. நீங்களும் நாலு பேர் சேருங்க. ஆவடியில ஒருத்தர், பூந்தமல்லியில ஒருத்தர், கொரட்டூர்ல ஒருத்தர், கள்ளிக்குப்பத்துல ஒருத்தர். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒருத்தரோட சைட்டுக்கு மத்த மூணு பேரும் போங்க, வரைபடத்தைக் கையில வச்சுக்கிட்டு. நண்பன் வரைஞ்சதுல தப்பு கண்டுபிடிக்கிறதுல நம்ம ஆளுங்களுக்கு இருக்கிற உற்சாகம் வேற எதுலயும் கிடையாது, அதை நல்லதுக்குப் பயன்படுத்துங்க.

சீனியர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘கத்துக்கிட்டு எதிர்லயே ஆபீஸ் போட்டுடுவான்’னு ஒரு பயம் நம்மகிட்ட இருக்கு. போடுவாங்க. கள்ளிக்குப்பம், செங்குன்றம் ரோட்டுல கட்டுற எல்லா வீட்டையும் நம்ம ஒரு ஆபீஸ் பார்த்துட முடியாது. எதிர்ல ஒரு நல்ல ஆபீஸ் வந்தா, அந்தத் தெருவுல மாடிப்படி ஒழுங்கா இருக்கும்.

அடுத்த எபிசோட் ஃபீஸ் பேசுறது எப்படிங்கிறதைப் பற்றி. ஒப்பந்தம், தவணை, கடைசித் தவணை எல்லாம் வரும். இந்த வாரம் நீங்க வரைஞ்ச ஒரு மாடிப்படி செக்‌ஷனை அனுப்புங்க. லேண்டிங் உயரத்தை மட்டும் மறைக்காம எழுதி அனுப்புங்க. வர்றதுல மூணை எடுத்து அடுத்த எபிசோடோட தொடக்கத்துல பார்ப்போம்.